பித்தக்குழாயில் கல்: எண்டோஸ்கோபியா, லேப்ராஸ்கோபியா?

பித்தப்பையில் கல் என்றால் முடிவெடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. தொந்தரவு கொடுக்கும் பையை, வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி மூலம் எடுத்துவிடுவார்கள். ஆனால் "கல் குழாய்க்குள்ளும் இறங்கியிருக்கிறது" என்று டாக்டர் சொல்லிவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. ஒருவர் முதலில் ஈ.ஆர்.சி.பி., அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டுக் குழாய்க் கல்லை எடுக்கும் முறையைச் செய்துகொள்ளச் சொல்வார். இன்னொருவர் ஒரே ஆபரேஷனில் இரண்டையும் முடித்துவிடலாம் என்பார். மூன்றாமவர் பித்தம் வடியக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சிறு குழலை வைத்து அனுப்பிவிட்டு ஆறு வாரம் கழித்து வரச் சொல்வார். மூவரும் சொல்வது மருத்துவத்தில் உள்ள வழிதான். யாருக்கு எது பொருந்தும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். கல்லீரலில் சுரக்கும் பித்தம் பொதுப் பித்தக்குழாய் வழியாக இறங்கிச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் விழுகிறது. பித்தப்பை அந்தக் குழாயின் பக்கவாட்டில் ஒரு சிறிய கிளைக்குழாயால் இணைந்திருக்கிறது. குழாய் குடலைத் தொடும் இடத்தில் கணையத்திலிருந்து வரும் குழாயும் வந்து சேர்கிறது. இரண்டும் திறக்கும் அந்த முகப்பைச் சுற்றி ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. பொதுக்குழாயின் வழக்கமான அகலம் சுமார் 6 மில்லிமீட்டர்தான். முகப்பு அதைவிடக் குறுகல். பையிலிருந்து நழுவிய கல் இங்கே வந்து மாட்டினால் மஞ்சள் காமாலை வரலாம், குழாயில் கிருமித்தொற்று வரலாம், பக்கத்துக் குழாயும் அடைபட்டுக் கணைய அழற்சி வரலாம். பித்தப்பைக் கல்லால் தொந்தரவுக்கு ஆளானவர்களில் பத்துக்கு ஒருவர் அல்லது இருவருக்குக் குழாயிலும் கல் இருக்கும். அதனால் இது அரிதான பிரச்சினை இல்லை.

கல் இருப்பது உறுதிதானா?

எந்த வழி என்று யோசிப்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்ட் பித்தப்பைக் கல்லை நன்றாகக் காட்டும். குழாயின் கீழ்ப்பகுதியைக் குடல் வாயு மறைத்துவிடுவதால் அங்குள்ள கல் பல நேரங்களில் அதில் தெரியாது. குழாய் வீங்கியிருக்கிறது, கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் எண்கள் ஏறியிருக்கின்றன என்பதெல்லாம் சந்தேகத்தை எழுப்பும், உறுதி செய்யாது.

உறுதி செய்ய இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று எம்.ஆர்.சி.பி. இது எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் எடுக்கும் படம். உடலுக்குள் எதையும் விடுவதில்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பொடிக் கற்களை மட்டும் இது சில சமயம் தவறவிடும். இன்னொன்று எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட். வாய் வழியாகக் குழாய் போக வேண்டும், மயக்க மருந்து வேண்டும், ஆனால் பொடிக் கல்லையும் பிடித்துவிடும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், ஈ.ஆர்.சி.பி.யையே ஒரு சோதனை மாதிரி "போய்ப் பார்த்துவிடலாம்" என்று செய்துகொள்ளக் கூடாது. அது சிகிச்சை. அதற்கென்று ஆபத்துகள் இருக்கின்றன. கல்லே இல்லாத குழாய்க்குள் போய்க் கணைய அழற்சியை வாங்கிக்கொண்டு வருவதைவிட வருத்தமான விஷயம் இல்லை. அல்ட்ராசவுண்டிலேயே குழாய்க்குள் கல் கண்ணுக்குத் தெரிந்தாலோ, குழாயில் கிருமித்தொற்று இருந்தாலோ, காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் ரத்தத்தில் 4-க்கு (மி.கி./டெ.லி.) மேல் ஏறி அதோடு குழாயும் வீங்கியிருந்தாலோ நேராக ஈ.ஆர்.சி.பி.க்குப் போவதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்களுக்குப் படம் முதலில், கருவி அப்புறம்.

இன்னொன்றும் உண்டு. பொடிக் கற்கள் பல தாமாகவே குடலுக்குள் நழுவிப் போய்விடும். எம்.ஆர்.சி.பி. எடுத்துச் சில வாரங்கள் ஆகி, இடையில் வலியும் நின்று, ரத்தப் பரிசோதனையும் சரியாகிவிட்டிருந்தால், "கல் இன்னும் இருக்கிறதா என்று மறுபடி பார்க்கலாமா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். அது முழுக்க நியாயமான கேள்வி.

காய்ச்சலும் குளிரும் இருந்தால்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலது மேல்வயிற்றில் வலி. இந்த மூன்றும் சேர்ந்து வருவதை பிரான்ஸ் மருத்துவர் ஷார்கோ 1877-லேயே பதிவு செய்திருக்கிறார். அடைபட்ட குழாயில் சீழ் பிடித்திருப்பதன் அடையாளம் இது. மனக்குழப்பமும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. இந்த நிலையில் வழிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்து, அடைப்பைச் சீக்கிரம் வடிக்க வேண்டும். அதற்கு ஈ.ஆர்.சி.பி.தான் முதல் தேர்வு. கல் முழுவதையும் அன்றே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு ஸ்டென்ட் வைத்துப் பித்தம் வடிய வழி செய்துவிட்டு, ஆள் தேறிய பிறகு கல்லை எடுக்கலாம். எண்டோஸ்கோபி எட்டாத இடத்தில், விலாவுக்குக் கீழே தோல் வழியாக ஊசி செலுத்திக் கல்லீரலுக்குள்ளிருந்து வடிகுழாய் போடுவார்கள்.

இனி சொல்லப்போகும் ஒப்பீடு, அவசரம் இல்லாதவர்களுக்கு.

வாய் வழியே போகும் வழி

பித்தக்குழாய் முகப்புக்குள் எண்டோஸ்கோபி மூலம் குழாய் செலுத்திய முதல் முயற்சி 1968-ல் அமெரிக்காவில் நடந்தது. 1974-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே சுருக்குத்தசையை உள்ளிருந்தே வெட்டிக் கல்லை எடுத்துக் காட்டின. அதற்கு முன்பு இந்தக் கல்லுக்கு வயிற்றைத் திறப்பதைத் தவிர வேறு வழி அனேகமாக இல்லை.

நடப்பது இதுதான். மயக்கம் கொடுத்து, பெரும்பாலும் குப்புறப் படுக்க வைத்து, பக்கவாட்டில் பார்க்கும் கேமரா கொண்ட எண்டோஸ்கோப்பை வாய் வழியாகச் சிறுகுடல் வரை இறக்குவார்கள். குடல் சுவரில் மொட்டுப் போல ஒரு சிறு புடைப்பு தெரியும். அதன் நுனியில் உள்ள துளைக்குள் மெல்லிய கம்பியை நுழைக்க வேண்டும். மொத்த வேலையில் கடினமான நிமிடங்கள் இவைதான். கம்பி மேல்நோக்கித் திரும்பினால் பித்தக்குழாய், பக்கவாட்டில் திரும்பினால் கணையக்குழாய். கம்பி சரியாகப் போன பிறகு சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் கல்லைப் பார்த்து, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் முகப்பைச் சற்றே வெட்டி அகலப்படுத்தி, பலூனாலோ கூடை போல விரியும் கம்பிவலையாலோ கல்லை இழுத்துக் குடலில் தள்ளிவிடுவார்கள். கல் மலத்தோடு வெளியேறிவிடும்.

வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை என்பது பெரிய நன்மை. பழக்கப்பட்ட கையில் பத்தில் ஒன்பது பேருக்குக் குழாய் சுத்தமாகிவிடும். பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். முதியவர்களுக்கும், இதய நோய் போன்றவற்றால் நீண்ட ஆபரேஷனைத் தாங்க முடியாதவர்களுக்கும் இதுதான் வழி. பித்தப்பையை ஏற்கெனவே எடுத்துவிட்ட ஒருவருக்குக் குழாயில் கல் வந்தாலும் யோசிக்க ஒன்றுமில்லை: ஈ.ஆர்.சி.பி.

ஆபத்துகளில் முக்கியமானது கணைய அழற்சி. நூறு பேரில் மூன்று முதல் பத்துப் பேருக்கு வரலாம். பெரும்பாலும் சில நாள் வலியோடு அடங்கிவிடும்; சிலருக்கு மட்டும் தீவிரமாகும். இளம் வயதுப் பெண்கள், பிலிருபின் சாதாரணமாக இருப்பவர்கள், கம்பி நுழைய நெடுநேரம் ஆனவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெதாசின் மருந்தை ஆசனவாய் வழியாக வைப்பது இந்த ஆபத்தைக் குறைக்கிறது. சின்ன விஷயம்தான், ஆனால் எனக்கு அது கொடுப்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். வெட்டிய இடத்தில் ரத்தக்கசிவு நூற்றில் ஓரிருவருக்கு வரும். குடலில் துளை விழுவது அதைவிட அரிது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார். தாமாக நிறுத்தக் கூடாது.

இன்னொரு குறை மெதுவாகத் தெரிவது. வெட்டிய சுருக்குத்தசை பழையபடி இறுக மூடாது. குடலின் கிருமிகள் குழாய்க்குள் ஏற வழி கிடைக்கிறது. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் குழாயிலேயே புதுக் கல் உருவாகிறது. எழுபது வயதில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. முப்பது வயதில் யோசிக்க வேண்டும்.

பாதியில் நிற்கும் சிகிச்சை

ஈ.ஆர்.சி.பி. வழியில் என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் விஷயம் அந்தக் கருவியில் இல்லை; அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. குழாய்க் கல் போய்விட்டது, காமாலை இறங்கிவிட்டது, வலி இல்லை. உடனே பலர் "அதான் சரியாகிவிட்டதே" என்று பித்தப்பை ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் கல் வந்த பை அங்கேயே இருக்கிறது. அதிலிருந்து அடுத்த கல் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம்.

நெதர்லாந்தில் செய்து 2002-ல் வெளிவந்த ஒரு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஈ.ஆர்.சி.பி. முடிந்தவர்களில் ஒரு பிரிவினருக்குப் பையை எடுத்தார்கள். இன்னொரு பிரிவினரை எடுக்காமல் கவனித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள், பையை வைத்திருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்குப் பித்தத் தொந்தரவு திரும்பியது. எடுத்தவர்களில் அது 2 சதவீதம்தான்.

எடுப்பதென்றால் எப்போது? முன்பு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருப்பது வழக்கமாக இருந்தது. அந்தக் காத்திருப்பிலேயே பலர் மறுபடி வலியோடு மருத்துவமனைக்கு வந்துவிடுகிறார்கள். முகப்பை வெட்டிய பிறகு வாரக்கணக்கில் விட்டால் அந்தப் பகுதியில் திசுக்கள் ஒட்டிக்கொண்டு ஆபரேஷனும் கடினமாகிறது. இப்போது பரிந்துரைப்பது, முடிந்தவரை மருத்துவமனையில் சேர்ந்த அதே தடவையில், மூன்று நாட்களுக்குள். எனவே ஈ.ஆர்.சி.பி.க்குச் சம்மதிக்கும் அன்றே "பித்தப்பை ஆபரேஷன் என்றைக்கு?" என்று கேட்டுத் தேதி வாங்கிவிடுங்கள். உடல்நிலை காரணமாக ஆபரேஷனே முடியாது என்பவர்கள் விதிவிலக்கு.

ஒரே மயக்கத்தில் இரண்டும்

சரி, பை இருக்கிறது, குழாயிலும் கல் இருக்கிறது, காய்ச்சல் இல்லை. எப்படியும் லேப்ராஸ்கோபி செய்யத்தான் போகிறோம். அதே துளைகள் வழியாகவே குழாயையும் சுத்தம் செய்தால் என்ன? லேப்ராஸ்கோபிப் பித்தக்குழாய் ஆய்வு என்பது இதுதான். இதில் இரண்டு வாசல்கள் உண்டு.

முதலாவது, பித்தப்பையை இணைக்கும் கிளைக்குழாய் வழியாகப் போவது. பையை எடுக்கும்போது எப்படியும் அந்தக் கிளைக்குழாயை வெட்டியாக வேண்டும். வெட்டுமுன் அதன் வழியே சாயம் செலுத்திப் படம் பார்த்து, மெல்லிய கூடையோ, சுமார் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள ஸ்கோப்போ விட்டுக் கல்லைப் பிடித்து எடுப்பார்கள். மானிட்டரில் பார்க்க வியப்பாக இருக்கும்: இளஞ்சிவப்புச் சுரங்கம் போலக் குழாய், நடுவே பழுப்பு நிறத்தில் கல், கூடையின் கம்பிகள் அதைச் சுற்றி விரிந்து மூடுவது எல்லாம் நேராகத் தெரியும். பொதுக்குழாயில் கத்தி படுவதே இல்லை. சுருக்குத்தசையும் பத்திரம். பை மட்டும் எடுத்துக்கொண்டவர் போலவே வீட்டுக்குப் போகலாம். என்னைக் கேட்டால், பொருந்துகிறவர்களுக்கு எல்லா வழிகளிலும் உடலை மிகக் குறைவாகத் தொந்தரவு செய்வது இதுதான். ஆனால் கல் சிறியதாக, எண்ணிக்கையில் குறைவாக இருக்க வேண்டும். கிளைக்குழாய் சேரும் இடத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே கல்லீரல் பக்கம் ஏறிய கல்லை இந்த வாசலிலிருந்து பிடிப்பது கடினம்.

இரண்டாவது, பொதுக்குழாயையே சிறிதாகத் திறப்பது. பெரிய கல், நிறையக் கல், மேலே போன கல் எல்லாவற்றையும் இதில் எடுக்கலாம். ஆனால் குழாய் குறைந்தது 8 மில்லிமீட்டராவது அகன்றிருக்க வேண்டும். ஒல்லியான குழாயைத் திறந்து தைத்தால் பிற்காலத்தில் அந்த இடம் சுருங்கி அடைத்துக்கொள்ளும். அந்தச் சிக்கல் கல்லைவிட மோசமானது. தைத்த இடத்தில் பித்தம் கசிவது இந்த முறையின் முக்கியமான ஆபத்து. முன்பெல்லாம் டி வடிவ ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே வைத்து வெளியே பை மாட்டி, வாரக்கணக்கில் அதோடு அனுப்புவார்கள். இப்போது குழாய் சுத்தமாகிவிட்டது உறுதியானால் பெரும்பாலும் நேரடியாகத் தைத்து மூடிவிடுகிறார்கள். நோயாளிக்கு இது பெரிய நிம்மதி. பக்கவாட்டில் தொங்கும் குழாயோடு தூங்குவதும் குளிப்பதும் சின்னத் தொல்லை இல்லை.

எண்டோஸ்கோபி, லேப்ராஸ்கோபி ஆகிய இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் உயிரிழப்பிலோ, மொத்தச் சிக்கல்களிலோ, கல் மிச்சம் இருப்பதிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிக்கலின் வகைதான் மாறுகிறது. எண்டோஸ்கோபி வழியில் கணைய அழற்சி, லேப்ராஸ்கோபி வழியில் பித்தக்கசிவு. ஒரே கட்டமாக முடிப்பதில் மயக்கம் ஒரு தடவைதான், மருத்துவமனையில் தங்கும் நாளும் குறைகிறது.

அப்படியென்றால் எல்லோரும் ஏன் இதைச் செய்வதில்லை? மெல்லிய ஸ்கோப் வேண்டும், ஆபரேஷன் அறையிலேயே எக்ஸ்ரே வேண்டும், லேப்ராஸ்கோபியில் நுணுக்கமாகத் தைக்கத் தெரிந்த கை வேண்டும், இதைத் தொடர்ந்து செய்துவரும் குழு வேண்டும். இவை எல்லா மருத்துவமனையிலும் கிடைப்பதில்லை. அறுவை நிபுணர் இதை எப்போதாவது மட்டும் செய்பவராக இருந்தால், அனுபவமுள்ள கையால் ஈ.ஆர்.சி.பி. செய்துகொள்வதே நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முறை சிறந்ததா என்பதைவிட, அந்த முறை உங்களுக்குச் சிகிச்சை தரும் குழுவின் அன்றாட வேலையா என்பது முக்கியம். "இதை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா? கல் வராவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது. லேப்ராஸ்கோபி நடக்கும்போதே, கிளைக்குழாய் வழியாக ஒரு கம்பியைக் கீழ்நோக்கிக் குடலுக்குள் தள்ளுவார்கள். எண்டோஸ்கோபி நிபுணர் குடல் பக்கமிருந்து அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஈ.ஆர்.சி.பி. செய்வார். துளையைத் தேடும் வேலையே இல்லாததால் கணைய அழற்சி குறைகிறது. இரண்டு நிபுணர்களும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்பதுதான் நடைமுறைச் சிரமம்.

அடங்காத கற்கள்

15 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல்லைச் சாதாரணப் பலூனும் கூடையும் இழுக்காது. முகப்பைச் சிறிதளவு வெட்டி, பெரிய பலூனால் விரித்து எடுப்பது ஒரு வழி. கூடைக்குள்ளேயே கல்லை நெரித்து உடைப்பது இன்னொன்று. அதிலும் அடங்காவிட்டால், ஈ.ஆர்.சி.பி. ஸ்கோப்புக்குள் இன்னொரு குட்டி ஸ்கோப்பைப் பித்தக்குழாய்க்குள் அனுப்பி, கல்லைக் கண்ணால் பார்த்தபடி லேசராலோ மின்பொறியாலோ உடைக்கிறார்கள். ஒரே அமர்வில் முடியாமல் போகலாம். பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

உடல் எடை குறைப்புக்கு இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குச் சிக்கல் வேறு விதம். குடலின் பாதை மாறியிருப்பதால் வாய் வழியாகப் போகும் ஸ்கோப் முகப்பை எளிதில் எட்டாது. பித்தப்பை இன்னும் இருந்தால் லேப்ராஸ்கோபி வழிதான் இவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டியது. பழைய ஆபரேஷன் விவரங்களைக் கையோடு கொண்டுபோங்கள்.

வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன் இன்னும் ஒழிந்துவிடவில்லை. மற்றவை தோற்றால் அது இருக்கிறது. லேப்ராஸ்கோபியில் தொடங்கி நடுவில் திறக்க வேண்டி வந்தால், அது பெரும்பாலும் பாதுகாப்புக்காக எடுத்த சரியான முடிவாகவே இருக்கும். கல்லைக் கரைக்கும் மாத்திரையை நம்பிக் குழாய்க் கல்லோடு காத்திருப்பதை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஸ்டென்ட் வைத்திருந்தால்

கல் முழுவதும் வராதபோது வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டென்ட் தற்காலிகமானது. சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். வலி இல்லாததால் மறந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி விட்ட ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு, அதன் மேலேயே கல் படிந்து, ஒருநாள் நடுங்கும் காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்துவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களா, அதை எடுக்க வேண்டிய தேதி எது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் அங்கேயே எழுதி வாங்குங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தத் தேதி தெரிந்திருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், மஞ்சளான கண், கருத்த சிறுநீர், முதுகுக்குப் பாயும் கடும் மேல்வயிற்று வலி, கருமலம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். பல ஆண்டுகள் கழித்து வந்தாலும் இதே விதிதான். "பித்தப்பையைத்தான் எடுத்தாச்சே" என்று நினைத்துவிடாமல், குழாயில் முன்பு கல் இருந்ததையும் அதை எப்படி எடுத்தார்கள் என்பதையும் பார்க்கும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.